படியேறிய ஐந்து ஓட்டைகள்

டிரைவிங் டெஸ்ட்டில் நான் மூன்று தடவை கோட்டை விட்ட கதையைப் போன வாரம் படித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் பாவம்" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அவர் நிஜமாகவே பாவமாக உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தை இந்த வாரம் சொல்கிறேன். அதற்குக் காரணமும் நான்தான்.

ஆஸ்திரேலியாவில், ஸ்பிரிங்வேல் பக்கத்தில் எங்கள் வீடு. இங்கே அக்டோபர்தான் வசந்தகாலம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுக்களை மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் செழியன் விடிந்ததும் விடியாததுமாக ரேஞ்சுக்குக் கிளம்பிப் போனவர், இரண்டு மணி வாக்கில் திரும்பி வந்தார். ரேஞ்ச் என்றால் துப்பாக்கி சுடும் மைதானம். கை கால் கழுவவில்லை. சாப்பாடு போடவா என்று கேட்டேன். சட்டையில் கரிந்த வெடிமருந்து வாசனை. நறுக்கிய பீன்ஸை ஓரமாகத் தள்ளிவிட்டு மூன்று தாள்களை மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

ஒவ்வொரு தாளிலும் ஐந்து ஓட்டை. இருநூறு மீட்டர் தள்ளி நிறுத்திவைத்து அவர் சுட்டவை. முதல் தாளில் ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக மாடிப்படி மாதிரி ஏறியிருந்தன. முதல் ஓட்டைக்கும் கடைசி ஓட்டைக்கும் நடுவே நாலு விரல் உயரம் இருக்கும்.

"கைதான் மீனா," என்றார். "மத்த எல்லாத்தையும் சரி பண்ணியாச்சு. மிச்சம் இருக்கிறது என் கை மட்டும்தான்."

வலது கையை மேஜைமேல் விரித்துவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பீன்ஸ் நறுக்கக் கை வரவில்லை.

மலையில் நடந்தது

செழியன் டான்டினாங்கில் ஒரு பட்டறையில் டூல்மேக்கர். மற்ற எந்திரங்கள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்கிற அளவுக் கட்டைகளைத் தேய்த்து எடுக்கும் வேலை. கடைசித் தேய்ப்பை எந்திரம் செய்யாது, கைதான் செய்யும். தலைமுடியைப் பத்தாக வகுந்து அதில் ஒரு பங்கு பிசகினாலும் மனுஷனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

வேட்டைப் பழக்கம் அன்ரனால் வந்தது. அன்ரன் மன்னார்க்காரர், ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவர். பட்டறையில் ஏசி பார்க்க வந்தவர் அப்படியே எங்கள் வீட்டு மனிதராகிவிட்டார். என்னை அக்கா என்பார், அவரை அண்ணை என்பார். இரண்டு பேரும் லைசென்ஸ் எடுத்து, வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை விக்டோரியா மலைக்காட்டுக்குப் போய்வருவார்கள்.

அங்கே அவர்கள் தேடிப் போவது நம் ஊர் மான். சொன்னால் நம்பமாட்டீர்கள். எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டது, பெருகி மலை முழுக்க நிறைந்துவிட்டது. எங்கள் தென்காசிப் பக்கம் அதற்கு மிளா என்று பேர். அன்ரன் மரை என்பார். குற்றால மலையில் ஒரே ஒரு தடவை அதன் முதுகைப் பார்த்திருக்கிறேன். அதை முழுசாகப் பார்க்க நான் ஆஸ்திரேலியா வரவேண்டியிருந்தது.

நான் சுத்த சைவம். கல்யாணத்தின்போதே பேசி முடித்த ஒப்பந்தம் ஒன்று உண்டு. இறைச்சி என்று எது வந்தாலும் கராஜில் இருக்கிற இரண்டாவது ஃபிரிட்ஜைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. முப்பது வருஷமாக அது மீறப்பட்டதில்லை.

அந்த வருஷம் இலையுதிர்காலத்தில் செழியன் ஒரு பெரிய கிடா மிளாவைச் சுட்டார். அது விழவில்லை. தடுமாறிச் சரிவில் இறங்கி ஓடிவிட்டது. இருட்டும்வரை இரண்டு பேரும் ரத்தத் துளியைப் பார்த்துப் பார்த்துப் பின்னாலேயே போயிருக்கிறார்கள். மறுநாளும் தேடினார்கள். மத்தியானம் மழை வந்து எல்லாத் தடயத்தையும் கழுவிவிட்டது. மான் கிடைக்கவில்லை.

"அக்கா, அண்ணை அந்த மழைக்குள்ள முழங்காலில நிண்டு ஒவ்வொரு இலையாப் புரட்டிக்கொண்டு இருந்தவர்," என்று அன்ரன் பின்னால் என்னிடம் சொன்னார். "நான்தான் இழுத்துக்கொண்டு வந்தனான்."

வீட்டுக்கு வந்தவர் ரைஃபிளை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அன்றோடு இறைச்சி சாப்பிடுவதையும் விட்டுவிட்டார். முப்பது வருஷம் நான் தொண்டை வற்றக் கத்தியும் நடக்காத காரியம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எதிரே உட்கார்ந்து ரசத்தைப் பிசைந்துகொண்டே இருப்பார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஒருநாள் காலையில் காபி டம்ளரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, காபியின் மேல்மட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எறும்பு விழுந்துவிட்டதா என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சான்னு பார்க்கிறேன்," என்றார்.

என் மாமனார் திருவாரூரில் சர்வேயராக இருந்தவர். கோடு போட்டால் அச்சடித்த மாதிரி இருக்குமாம். ஐம்பத்தெட்டு வயதில் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. நான் கல்யாணமாகிப் போனபோது அவருக்கு டம்ளரில் பாதிதான் காபி ஊற்றுவார்கள். முழுசாக ஊற்றினால் தளும்பிவிடும். செழியனுக்கு அந்த வருஷம் ஐம்பத்தெட்டு பிறக்க இருந்தது. மானைத் தவறவிட்டதற்குக் குண்டு காரணமா, கை காரணமா என்ற கேள்வி அவரை அரித்துக்கொண்டிருந்தது.

நான் மருந்தாளுநர். டாக்டரிடம் போகலாம் என்று ஒரு தடவை இல்லை, நூறு தடவை சொன்னேன். கேட்டால்தானே. "டாக்டர் கேட்கிற கேள்விக்கு நான் பூசி மெழுகிப் பதில் சொல்லிருவேன். தாள் பூசி மெழுகாது," என்பார்.

ஒரு கெடு வைத்துக்கொண்டார். இருநூறு மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள் அடங்க வேண்டும். கோடைகாலம் பிறப்பதற்குள் அடங்கிவிட்டால் கை நன்றாக இருக்கிறது. அடங்காவிட்டால் ரைஃபிளை ஒப்படைத்துவிடுவார், பட்டறையிலும் போய் வேலையை விடுவதாகச் சொல்லிவிடுவார். இதை அவர் சொன்ன தொனியில் நான் எதிர்த்துப் பேசவில்லை.

துப்பாக்கியிடமே கேட்பது

முதல் வேலையாகக் கடையில் வாங்கின தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தார். ஐந்து ஓட்டையும் ஒரு ஊத்தப்ப அகலத்துக்குச் சிதறியிருந்தன. கடைத் தோட்டா எல்லோருடைய துப்பாக்கிக்கும் பொதுவாகச் செய்தது. ரெடிமேட் ஜாக்கெட் எனக்கு என்றைக்காவது பொருந்தியிருக்கிறதா? அது போலத்தான் இதுவும். இந்த ரைஃபிளுக்கென்று தானே தோட்டா செய்வது என்று முடிவெடுத்தார்.

தோட்டா என்பது நாலே சாமான். ஒரு பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கிளப்பும் குட்டி மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. சுட்ட பிறகும் கூடு அப்படியே இருக்கும். அதைக் கழுவி, பழைய அளவுக்கு அழுத்தி, மறுபடி நிரப்பலாம். கராஜில் ஒரு மேஜை போட்டார். பழைய தராசு ஒன்று வாங்கினார். ஒரு பக்கம் தட்டு தொங்கும், மறு பக்கம் முள் ஒரு கோட்டுக்கு நேராக நிற்கும், அவ்வளவுதான். ரைஃபிளும் மருந்தும் பூட்டுக்குள். சாவி அவரிடம் மட்டும், சட்டம் அப்படி.

"துப்பாக்கிக்கு எது பிடிக்குதுன்னு அதுகிட்டயேதான் கேட்கணும்," என்றார் ஒருநாள். எனக்கு எவ்வளவு காரம் பிடிக்கும் என்று இந்த மனுஷன் இன்றுவரை கேட்டதில்லை.

கேட்கிற விதத்தையும் அவரே விளக்கினார். மருந்து வெடித்ததும் குழல் மணி மாதிரி அதிர்கிறதாம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன் நுனி மேலும் கீழும் ஆடுகிறது. அந்த ஆட்டத்துக்கு நடுவேதான் குண்டு வெளியேறுகிறது. மேலே போய்த் திரும்புகிற இடத்தில் நுனி ஒரு கணம் நிதானிக்கும். ஒவ்வொரு குண்டும் அந்த நிதானத்தில் வெளியேறினால் எல்லாம் ஒரே இடத்துக்குப் போகும். அதற்கு மருந்தின் எடை சரியாக இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் குண்டு முந்திவிடும், குறைந்தால் பிந்திவிடும். கண் இமைப்பதற்குள் ஆயிரம் தடவை நடந்து முடிந்துவிடக்கூடிய ஒரு விஷயத்தை, ஒரு மனுஷன் கராஜில் உட்கார்ந்து தராசை வைத்துப் பிடிக்கப் பார்க்கிறான். எனக்கு மெய் சிலிர்த்தது.

தோட்டா செய்கிற புத்தகத்தில் போட்டிருக்கிற உச்ச அளவுப் பக்கமே அவர் போகமாட்டார், அதைத் தாண்டினால் துப்பாக்கியே வெடிக்கலாம். அதற்கு வெகு கீழே ஆரம்பித்து, ஐந்து தோட்டாவுக்கு ஒரு எடை, அடுத்த ஐந்துக்குச் சிட்டிகையிலும் சிட்டிகை கூட. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாதே. எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார். கூடுகளில் எண் போட்டு, நிரப்பின வரிசையிலேயே சுடுவார்.

குளிர்காலம் முழுக்க இப்படியே போயிற்று. ஊத்தப்பம் மெல்ல மெல்ல இட்லியானது. இட்லி பணியாரமானது. பணியாரத்துக்கும் எலுமிச்சைக்கும் நடுவே ஒரு நூல்தான் மிச்சம்.

ஒருநாள் நானும் ரேஞ்சுக்குப் போனேன். அங்கே மேஜைமேல் மணல் மூட்டைகளில் ரைஃபிளைச் சாய்த்து வைத்துச் சுடுவார்கள். சிவப்புக் கொடி ஏறினால் யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. காதுமூடியைப் போட்டுக்கொண்டும் ஒவ்வொரு வெடிக்கும் தூக்கிவாரிப் போட்டது. நடுவே, மேற்பார்வை பார்ப்பவரிடம் கேட்டுவிட்டு, தோட்டா இல்லாத ரைஃபிளை எனக்குப் பிடித்துக் காட்டினார். மேலே இருக்கிற குறிபார்க்கும் கண்ணாடி வழியே பார்த்தேன். இருநூறு மீட்டருக்கு அப்பால் தாள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அதன்மேல் குறுக்குக்கோடு சின்னதாகத் துள்ளிக்கொண்டிருந்தது. டிக், டிக், டிக் என்று ஒரே சீராக. காற்றா என்று கேட்டேன்.

"உன் நெஞ்சு," என்றார்.

மூச்சைப் பிடித்தேன். துள்ளல் நிற்கவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் எனக்குள்ளே அடித்துக்கொண்டிருக்கிற ஒன்றை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காதுமூடி இறுக்குகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பெயருக்கும் எடை உண்டு

எடை விஷயத்தில் நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. மதுரையில் நான் பார்மசி படித்த கல்லூரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நுட்பத் தராசு இருந்தது. முதல் நாள் எங்கள் மேடம் ஒரு துண்டுக் காகிதத்தை அதில் வைத்து எடை போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, அதே காகிதத்தில் பென்சிலால் பெயர் எழுதச் சொன்னார். மறுபடி எடை போட்டார். கூடியிருந்தது. மீனாட்சி என்ற பெயருக்கு எடை இருந்தது! அன்று முழுக்க நான் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருந்தை எடை போடும்போது மேலே மூச்சுக்கூட படக்கூடாது என்று பழக்கப்பட்டவள். ஈரமான பொடியை உலர்த்தி, கால் மணிக்கு ஒருதரம் எடை பார்த்து, எவ்வளவு ஈரம் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கிற சோதனையை எத்தனை தடவை செய்திருக்கிறேன்! முதலில் எடை மளமளவென்று குறையும். பிறகு மெதுவாகும். பிறகு நின்றுவிடும்.

செழியன் வெடிமருந்து அளக்கிற அலகுக்குக் கிரெயின் என்று பேர். எங்கள் பழைய மருந்துப் புத்தகங்களிலும் அதே கிரெயின்தான். ஒரு தலைவலி மாத்திரை ஏழெட்டு கிரெயின் இருக்கும். ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்குக்காக அவர் இடுக்கியால் ஒவ்வொரு துணுக்காக எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். நான் வாசலில் நின்று பார்ப்பேன். எங்கள் தொழிலில் அவரைச் சேர்த்திருக்கலாம் என்று தோன்றும்.

இவ்வளவும் தெரிந்தவள் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

ஆயுத பூஜை

எங்கள் ஊர்க்காரர்கள் இங்கே எந்தப் பண்டிகையையும் பக்கத்துச் சனிக்கிழமைக்கு நகர்த்திவிடுவோம். அந்த வருஷ ஆயுத பூஜையும் அப்படித்தான். கடையில் வாங்கின சந்தனப் பவுடரைப் பன்னீர் விட்டுக் குழைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன். மிக்ஸி, தையல் மிஷின், லேப்டாப், கார் எதையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். கார் சக்கரத்தில் எலுமிச்சை வைத்து நசுக்கினபோது எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வழக்கம்போலக் கட்டைவிரலை உயர்த்தினார்.

செழியன் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சாமி கும்பிடாத குடும்பம். பொரி கடலை தின்ன மட்டும் முதல் ஆளாக வருவார். தன் சாமான் எதிலும் பொட்டு வைக்க விடமாட்டார். வருஷா வருஷம் இதற்கு ஒரு சின்னச் சண்டை உண்டு.

அந்த வருஷம் எனக்குச் சண்டை போட மனசில்லை. ஆனால் விடவும் மனசில்லை. அவர் குளிக்கப் போயிருந்த நேரம் கராஜுக்குப் போனேன். தராசு மேஜைமேல் இருந்தது. 'அம்மா, இந்த மனுஷன் கையைக் காப்பாத்து' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, தட்டைத் தூக்கி, அதன் அடிப்பக்கத்தில், அவர் கண்ணுக்குப் படாத இடத்தில், நல்ல தடியாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். குங்குமமும் வைத்தேன். பொட்டு வைத்த சாமானை மறுநாள் காலைவரைக்கும் தொடக்கூடாது என்பது முறை. அவரிடம் போய் அதை எப்படிச் சொல்வது?

குளித்துவிட்டு வந்தவர் நேரே கராஜுக்குப் போனார். தராசை ஜீரோவில் நிறுத்தினார். சோதனை எடைக்கல்லை வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து இருபது தோட்டா நிரப்பினார். மறுநாள் அதில் பதினைந்தைச் சுட்டுவிட்டு வந்துதான், கைதான் மீனா என்றார்.

மூன்றாவது தாள்

மறுபடி அந்தப் பீன்ஸ் மேஜைக்கு வருகிறேன்.

அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தாளில் பெரிய படிகள். இரண்டாவது தாளிலும் ஓட்டைகள் ஏறியிருந்தன, ஆனால் படிகள் சின்னவை. மூன்றாவது தாளில் படியே இல்லை. ஐந்து ஓட்டையும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, தாளின் மேல்பக்கத்தில், ஒரே கொத்தாக இருந்தன.

இது என்ன என்று கேட்டேன். அது ஏதோ குருட்டாம்போக்கில் விழுந்தது, அதுவும் இடம் மாறி மேலே போயிருக்கிறது, கணக்கில் சேராது என்றார்.

எனக்கு ஏதோ உறுத்தியது. நடுங்குகிற கை எல்லாப் பக்கமும் நடுங்கும். மாமனாரின் காபி ஒரே பக்கமாகத் தளும்பியதில்லை. இந்த ஓட்டைகள் இடது வலது போகாமல், ஒழுங்காக, மேலே மேலே மட்டும் போயிருந்தன. முதலில் மளமளவென்று. பிறகு மெதுவாக. பிறகு நின்றுவிட்டது.

மளமளவென்று, மெதுவாக, நின்றுவிட்டது.

சுட்ட வரிசையும் நிரப்பின வரிசையும் ஒன்றுதானே என்று கேட்டேன். ஆமா, எப்பவும் அப்படித்தானே என்றார்.

"ஏங்க," என்றேன். "நான் ஒண்ணு சொல்லுவேன். கையில இருக்கிற கத்தியை முதல்ல கீழ வச்சிடறேன்."

சொன்னேன். அவர் எழுந்து கராஜுக்குப் போனார். பின்னாலேயே போனேன். தட்டைத் திருப்பினார். காய்ந்து வெடித்த மஞ்சள் பொட்டு, நடுவே குங்குமம். ஈரமாக இருந்தபோது ஜீரோ வைத்திருக்கிறார். பன்னீர் காயக் காயத் தட்டு இலேசாகிக்கொண்டே போயிருக்கிறது. குறைந்த எடையை ஈடுகட்ட ஒவ்வொரு தோட்டாவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் மருந்து ஏறியிருக்கிறது. மருந்து கூடக் கூடக் குண்டும் தாளில் மேலே மேலே போயிருக்கிறது.

மிச்சமிருந்த ஐந்து தோட்டாக்களையும் பிரித்து மருந்தை நிறுத்துப் பார்த்தார். ஐந்திலும் அரை கிரெயின் கூட. புத்தகத்தை எடுத்து உச்ச அளவைப் பார்த்தார். அதற்கு இன்னும் நிறைய இடம் இருந்தது. புத்தகத்தை மூடினார்.

"கண்ணு போயிருக்கும் மீனா. என் கண்ணு மட்டும் இல்லை, பக்கத்து மேஜைக்காரன் கண்ணும்."

அது நான் வாங்கவேண்டிய திட்டுதான், வாங்கிக்கொண்டேன். நல்ல மனசோடு செய்தேன் என்று சொல்ல வாய் எடுத்து, சொல்லாமல் விட்டேன். நல்ல மனசுக்கும் எடை உண்டு என்பது தட்டுக்கு அடியிலேயே ஒட்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் தட்டைத் துடைத்துவிட்டு, அதே சந்தனத்தை அதே மாதிரி குழைத்துக்கொண்டு வரச் சொன்னார். அதே இடத்தில், அதே அளவில் என்னையே வைக்கச் சொன்னார். முள்ளை ஜீரோவில் நிறுத்தினார். கராஜ் கதவைச் சாத்திவிட்டு இரண்டு நாற்காலி போட்டார். சாப்பிடாமல் கொள்ளாமல் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் முள் கோட்டை விட்டு ஒரு இழை கீழே இறங்கியது. எதிர்ப்பக்கம் தட்டு மேலே எழும்பியது. யாரும் தொடவில்லை, காற்றும் இல்லை. பன்னீர் வாசனை மட்டும் கராஜ் முழுக்க நிறைந்திருந்தது. அந்த வாசனைதான் எடை. அது தட்டை விட்டு எங்கள் மூக்குக்கு வந்துகொண்டிருந்தது. என்ன அதிசயம்! முந்தின நாள் இதே கராஜில் ஆவியாகிப் போன பன்னீரை, இருநூறு மீட்டர் தள்ளி நின்ற ஒரு தாள் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறது. நான் யாருக்கும் தெரியாமல் வேண்டிக்கொண்டது, எவ்வளவு நேரத்தில் காய்ந்தது என்பது உட்பட, பதினைந்து ஓட்டைகளில் இருந்தது.

"இவ்வளவு நுணுக்கமா எழுதியிருக்குன்னா," என்றார் செழியன் மெதுவாக, "சுட்டவன் கை நடுங்கியிருக்க முடியாது, இல்லையா?"

நான் உள்ளே போய் மூன்றாவது தாளை எடுத்துவந்தேன். கூடவே பூஜைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த ஒரு எலுமிச்சம்பழம். தாளை மேஜைமேல் விரித்து, அந்தக் கொத்தின்மேல் பழத்தை வைத்தேன். ஐந்து ஓட்டையும் மறைந்துவிட்டன. சந்தனம் காய்ந்து முடிந்த பிறகு நிரப்பிய ஐந்து.

அவர் அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அது இரண்டாவது தடவை. முதல் தடவை மாமனார் காரியத்தில். கண்ணைத் துடைத்துக்கொண்டதும் எனக்கு என் சுபாவம் திரும்பிவிட்டது. பூஜைக்கு வச்ச சாமானை மறுநாள்வரைக்கும் தொடக்கூடாது என்கிற முறையை மட்டும் மதித்திருந்தால் சந்தனம் காய்ந்திருக்கும், இந்த வினையே வந்திருக்காது என்றேன். முப்பது வருஷத்தில் நான் முழுசாக ஜெயித்த ஒரே வாதம் அது.

ஒண்டுதான்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துடைத்த தட்டில் நிரப்பிய ஐந்தைச் சுட்டார். நான் தொலைநோக்கி வழியே எண்ணினேன். நாலு ஓட்டைதான் தெரிந்தது. ஒன்று தாளுக்கே போகவில்லையோ என்று பயந்துவிட்டேன். கொடி ஏறியதும் நடந்துபோய்ப் பார்த்தோம். இரண்டு குண்டு ஒரே ஓட்டையில் போயிருந்தன. எலுமிச்சம்பழத்தை நான் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். அங்கேயே வைத்துப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு அவராகவே டாக்டரிடம் வந்தார். டாக்டர் ஒரு காகிதம் கொடுத்து நத்தைக்கூடு மாதிரி சுருள் வரையச் சொன்னார். இவர் போட்ட சுருளைப் பார்த்துவிட்டு, உங்கள் அப்பா சர்வேயரா என்று கேட்காத குறைதான்.

இலையுதிர்காலத்தில் அன்ரனோடு மலைக்குப் போனார். மத்தியானம் அன்ரனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, ஒண்டுதான். ஒரே வெடி. மரை நிண்ட இடத்திலேயே விழுந்திட்டுது. அதுக்குத் தெரிஞ்சே இருக்காது."

நான் போனை வைத்துவிட்டு மருந்துக்கடையின் பின்னறையில் போய் நின்றேன். அந்த மிளாவுக்காக எனக்குத் துக்கமாக இருந்தது. மழையில் கிடைக்காமல் போன அந்த இன்னொன்றுக்காகவும். அதோடு என் வீட்டுக்காரரின் கைக்காகப் பெரிய நிம்மதி. எல்லாம் ஒரே நேரத்தில் நெஞ்சில் இருந்தது. எதையும் நான் ஒதுக்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜைச் சனிக்கிழமை. நான் மிக்ஸிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். செழியன் தராசைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு வந்து மேஜைமேல் வைத்தார். சாமி இல்லை என்பதில் தனக்கு இன்னமும் மாற்றுக் கருத்து இல்லை என்று முதலில் தெளிவுபடுத்தினார். பிறகு தட்டைக் கவிழ்த்து, கிண்ணத்திலிருந்த சந்தனத்தை மோதிர விரலால் தொட்டார்.

"நாளைக்குக் காலையிலதான் ஜீரோ பண்ணுவேன்," என்றார். "நல்லா காயட்டும்."

விரல் தட்டை நோக்கி மெதுவாக இறங்கியது. நுனியில் ஒரு சொட்டுச் சந்தனம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை.